அரசு ஆய்வகத்தில் பொருளறிவியலாளர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகங்களையும் பிற பொருள்களையும் ஆராயும் அரசு ஆய்வகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பேசும்போது ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பணி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடியவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

1. பொருளறிவியலாளர் என்றால் உண்மையில் என்ன வேலை செய்பவர்?

ஒரு பொருள் எப்படித் தயாரிக்கப்பட்டது, அதனால் அதன் உள்ளமைப்பு எப்படி அமைந்தது, அந்த அமைப்பினால் அதற்கு என்னென்ன குணங்கள் வாய்த்தன, பயன்பாட்டில் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பவற்றைத் தொடர்புபடுத்திப் பார்ப்பவர் அவர். ஒரே எஃகைச் செஞ்சூட்டில் இருந்து மெல்ல ஆறவிட்டால் அது மென்மையாகிறது. அதே சூட்டில் தண்ணீரில் தோய்த்தால் மிகக் கடினமாகி, அடித்தால் உடைந்துபோகிறது. இரண்டிலும் இரும்பும் கரியும் அதே அளவில்தான் உள்ளன. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் மாறியிருக்கிறது. கொல்லர்கள் நெடுங்காலமாகக் கையால் அறிந்திருந்த இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியதில் இருந்துதான் இத்துறையின் பெரும் பகுதி வளர்ந்தது.

தண்ணீரில் தோய்த்த எஃகின் அந்தக் கடின அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். பெர்லினில் இருந்த அரசுப் பொருள் சோதனை நிலையத்தின் தலைவராக 1884-இல் பொறுப்பேற்ற அடோல்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. இத்துறைக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. இன்று உலோகங்களோடு பீங்கான், பலபடி (பிளாஸ்டிக் போன்றவை), குறைகடத்தி, மின்கலப் பொருள்கள், கான்கிரீட் ஆகியவையும் இதன் எல்லைக்குள் வருகின்றன.

2. பல்கலைக்கழகத்திலும் தனியார் நிறுவனத்திலும் இதே ஆராய்ச்சி நடக்கிறதே, அரசு ஆய்வகம் எதற்கு?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் பதில், காலம் என்பது. உயர் வெப்பத்தில் நெடுநாள் சுமை தாங்கும் உலோகம், உடையாமலேயே மிக மெதுவாக நீண்டுகொண்டு போகும். இதற்கு ஊர்வு என்று பெயர். அனல் மின் நிலையக் குழாய்களுக்கு எவ்வளவு சுமையை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்ய, 1,00,000 மணி நேரத்தில், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டுகளில், அந்த எஃகு என்ன ஆகும் என்பது தெரிய வேண்டும். முனைவர் பட்ட மாணவர் நான்கைந்து ஆண்டுகளில் வெளியேறிவிடுவார். நிறுவனம் அடுத்த நிதியாண்டின் கணக்கைப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகள் ஒரு கம்பியின் முனையில் எடையைத் தொங்கவிட்டு, உலையின் வெப்பத்தை ஓரிரு டிகிரிக்குள் நிலைநிறுத்திக் காத்திருக்க இவ்விருவராலும் இயலாது.

ஜப்பானின் அரசு உலோக ஆய்வு நிறுவனம் 1966-இல் ஊர்வுத் தரவுகளைத் திரட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே 1969-இல் சுமையேற்றப்பட்ட கார்பன் எஃகு மாதிரி ஒன்றின் சோதனை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்து, 2011-இல் 3,56,000 மணி நேரத்தைக் கடந்து உலகிலேயே மிக நீண்ட ஊர்வுச் சோதனையானது. அதற்குள் அந்த நிறுவனமே வேறொன்றோடு இணைந்து சுகுபா நகரில் உள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனமாக மாறிவிட்டது. எடையைத் தொங்கவிட்டவர்கள் ஓய்வு பெற்ற பின்னும் மாதிரி நீண்டுகொண்டே இருந்தது. இந்தத் தரவுத் தாள்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதும் முக்கியம். விற்பனைக்கான எஃகை உற்பத்தி செய்பவரே அதன் ஆயுளையும் சான்றளித்தால், வாங்குபவருக்கு ஐயம் தீராது.

3. நான் இயற்பியல் படித்தவள், உலோகவியல் படிக்கவில்லை. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். இயற்பியல், வேதியியல், இயந்திரப் பொறியியல், உலோகவியல் ஆகிய எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். என் பிரிவில் இருந்தவர்களில் பாதிப்பேர்கூட உலோகவியல் பட்டதாரிகள் அல்லர். ஆனால் நிலைவரைபடத்தை (எந்தக் கலவை எந்த வெப்பத்தில் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் படத்தை) வாசிப்பது, படிகக் குறைபாடுகள் (அணு அடுக்கில் உள்ள பிழைகள்), விரவல் (அணுக்கள் பொருளுக்குள் இடம்பெயர்வது) ஆகிய மூன்றையும் சேர்வதற்கு முன்பே சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டு வருவது நல்லது.

4. முனைவர் பட்டம் கட்டாயமா?

ஆய்வுத் திட்டத்தைத் தாமே வகுத்து நடத்தும் பொறுப்புக்குப் பெரும்பாலான ஆய்வகங்கள் அதை எதிர்பார்க்கின்றன. அதற்குப் பிறகு ஓரிரண்டு ஆண்டுகள் வேறிடத்தில் ஆராய்ச்சி செய்திருப்பதும் எதிர்பார்க்கப்படுவது உண்டு. இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தோடு பொறியாளராகவோ தொழில்நுட்ப அலுவலராகவோ சேரும் வழியும் இருக்கிறது. அந்த வழியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். நான் பணியாற்றிய இடத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை இருபத்திரண்டு ஆண்டுகள் கையாண்டவர் ஒரு தொழில்நுட்ப அலுவலர். ஒரு படத்தைப் பார்த்ததும், அது பொருளின் உண்மையான அமைப்பா, மாதிரியைத் தயாரிக்கும்போது ஏற்பட்ட சேதமா என்று அவர் சொல்லிவிடுவார். முனைவர்கள் அவருடைய அறை வாசலில் காத்திருந்தார்கள்.

5. ஒரு நாள் எப்படிப் போகும்? நாள் முழுவதும் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருப்பீர்களா?

நுண்ணோக்கி முன்னால் இருக்கும் நேரம் குறைவு; அதற்கு மாதிரியைத் தயார் செய்யும் நேரமே அதிகம். வெட்டிய எஃகுத் துண்டை வில்லையில் பதித்து, முரட்டு எமரித் தாளில் தொடங்கி 400, 600, 800, 1200 என்று நயமான தாள்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் மாதிரியைத் தொண்ணூறு பாகை திருப்பி, முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறையும் வரை தேய்க்க வேண்டும். பிறகு சுழலும் துணியில் வைரப் பசையிட்டு, முகம் தெரியும் கண்ணாடியாகும் வரை மெருகேற்ற வேண்டும். கடைசியாக, ஆல்கஹாலில் நைட்ரிக் அமிலம் சிறிதளவு கலந்த கரைசலில் சில நொடிகள் தோய்க்கும்போது, பளபளப்பு மங்கி லேசான பால் நிறம் படரும். அந்த நொடியில் கழுவிவிட வேண்டும், தாமதித்தால் கறுத்துப்போகும்.

அதன் பிறகு நுண்ணோக்கியில் எஃகின் உள்ளமைப்பு தெரியும்: ஏறத்தாழத் தூய இரும்பான வெண்ணிறப் பெரைட் மணிகளும், அவற்றுக்கு இடையே, பெரைட்டும் இரும்புக் கார்பைடும் மாறி மாறி அடுக்கிய பெர்லைட் கைரேகை போன்ற வரிகளுடனும் இருக்கும். குறுக்கே ஒரு கீறல் ஓடினால், 400-ஆம் தாளில் அவசரப்பட்டிருக்கிறோம் என்று பொருள். மீண்டும் அங்கிருந்து தொடங்க வேண்டும். புதிதாகச் சேருபவர்கள் முதல் ஆறு மாதங்களில் இதைத்தான் கற்கிறார்கள். மற்ற நேரம் சோதனைக் கருவிகளின் அளவுதிருத்தம், தரவுப் பகுப்பாய்வு, கொள்முதல் கோப்புகள், அறிக்கை எழுதுதல், கூட்டங்கள் என்று கழியும். கொள்முதல் கோப்புகளுக்குப் போகும் நேரம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும். உலை ஒன்றை வாங்க ஓராண்டு ஆவது வழக்கத்துக்கு மாறானதன்று.

6. சொன்ன வேலையை மட்டும்தான் செய்ய வேண்டுமா? சொந்தமாக எதையாவது கண்டுபிடிக்க விடுவார்களா?

பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட திட்டத்துக்குள்தான் வேலை இருக்கும். ஆனால் ஒதுக்கப்பட்ட வேலையைக் கவனமாகச் செய்பவரின் கண்ணில்தான் எதிர்பாராதது படுகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கான உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்த வில்லியம் பியூலர், நிக்கலும் டைட்டானியமும் சரிபாதியாகச் சேர்ந்த கலவையை ஆராய்ந்தார். 1961-இல் ஒரு கூட்டத்தில், அந்தக் கலவையின் மடித்த பட்டையொன்று கைமாறிச் சென்றபோது ஒருவர் புகைக்குழாய்க் கொளுத்தியால் அதைச் சூடேற்ற, அது தானாகவே நிமிர்ந்து பழைய வடிவத்தை அடைந்தது. அந்த ஆய்வகத்தின் பெயரெழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு நிட்டினால் என்று பெயர் பெற்ற அந்தக் கலவைதான் இன்று இரத்தக் குழாய்களில் வைக்கப்படும், தானாக விரியும் வலைகளில் இருக்கிறது.

கார்பன் இழையின் வரலாறும் இப்படிப்பட்டதுதான். ஒசாகாவில் இருந்த அரசுத் தொழில் ஆய்வு நிறுவனத்தில் அகியோ ஷிண்டோவும், சில ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் வாட்டின் குழுவும், பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையிலிருந்து அதை உருவாக்கும் வழியைக் கண்டார்கள். அதே ஃபார்ன்பரோவில்தான், 1920-களின் தொடக்கத்தில், கண்ணாடி ஏன் கணக்கிட்டதைவிட மிகக் குறைந்த சுமையில் உடைகிறது என்று கேட்ட கிரிஃபித், ஏற்கெனவே உள்ள நுண்விரிசல்களே காரணம் என்று காட்டினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கருத்தை உலோகங்களுக்குப் பொருந்தும்படி வளர்த்த ஜார்ஜ் இர்வின், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்தவர். பொருள்கள் எப்படி உடைகின்றன என்று ஆராயும் முறிவியல் என்ற துறையையே அரசு ஆய்வகங்கள்தான் பெற்றெடுத்தன என்று நான் சொல்வது மிகையன்று.

7. எனக்கு விபத்துகளை ஆராய்வதில் ஆர்வம். அது உண்மையிலேயே இந்த வேலையின் பகுதியா?

ஆம், மிகவும் கனமான பகுதி. 1954-இல் இரண்டு காமெட் பயணிகள் விமானங்கள் மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடலில் விழுந்தபோது, ஃபார்ன்பரோ ஆய்வகத்தினர் ஒரு முழு விமானத்தின் உடலைப் பெருந்தொட்டி ஒன்றுக்குள் வைத்துத் தண்ணீரால் நிரப்பி, ஒவ்வொரு பறத்தலிலும் ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீரைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அழுத்தப்பட்ட காற்று, உடல் பிளந்ததும் வெடித்து எல்லாவற்றையும் சிதறடித்துவிடும். தண்ணீரோ அழுத்தத்தில் சுருங்குவதில்லை என்பதால், விரிசல் தோன்றிய இடம் சான்றாக அப்படியே எஞ்சும். அந்த விமானம் உண்மையில் பறந்த 1,221 முறைகளையும் தொட்டியில் கண்ட 1,836 சுழற்சிகளையும் சேர்த்து 3,057-இல் பிளந்தது. ஜன்னல் திறப்பின் மூலையில் தொடங்கிய உலோகச் சோர்வே, அதாவது திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் விரிசல் வளர்வதே, காரணம் என்று தெரிந்தது.

1967 டிசம்பரில் ஓஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தார்கள். அதன் எஃகுச் சட்டம் ஒன்றின் துளையோரத்தில் இருந்த, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே உடைய விரிசல்தான் பாலம் முழுவதையும் வீழ்த்தியது. நாற்பது ஆண்டுகளாக மெல்ல வளர்ந்த அந்த விரிசல், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது. இத்தகைய வேலைக்கு வருபவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: உங்கள் மேசைக்கு வரும் உடைந்த துண்டின் பின்னால் ஒரு குடும்பம் பதிலுக்காகக் காத்திருக்கும். முறிந்த முகத்தை விரலால் தொடக்கூடாது, இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்கக்கூடாது என்பவை நாங்கள் முதல் நாளே சொல்லித்தரும் விதிகள். பொருத்திப் பார்த்தால் சான்று தேய்ந்து அழிந்துவிடும்.

8. தரநிலை, ஒப்பீட்டு மாதிரி என்று ஒரு பிரிவில் போட்டுவிட்டால் வாழ்க்கை சலித்துவிடாதா?

சலிப்பைப் பற்றிய அச்சம் எனக்குப் புரிகிறது. நானும் இளமையில் அந்தப் பிரிவுக்குப் போக மறுத்தேன். பிறகு என் கருத்து மாறிவிட்டது. ஓர் எஃகில் கந்தகம் எவ்வளவு என்று இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு சோதனைக்கூடங்கள் வேறு வேறு எண்ணைச் சொன்னால், எது சரி என்று யார் தீர்ப்பது? 1901-இல் தோன்றிய அமெரிக்கத் தேசியத் தரநிலை அலுவலகம், தன் தொடக்க ஆண்டுகளிலேயே வார்ப்பிரும்புப் பொடியைச் சிறு புட்டிகளில் அடைத்து, கலவை அளவுகளைச் சான்றளித்து, சோதனைக்கூடங்கள் தங்கள் அளவீட்டை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள அனுப்பத் தொடங்கியது. இன்று வேறு பெயரில் இயங்கும் அந்த நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகை மாதிரிகளை வழங்குகிறது. ஒரு புட்டியில் உள்ள பொடி எல்லாப் பக்கமும் ஒரே கலவையாக இருக்கிறது என்று நிறுவுவதற்குள் திறமையான வேதியியலாளருக்கும் வியர்த்துவிடும்.

9. கட்டுரை வெளியிட விடுவார்களா, எல்லாமே ரகசியமா?

குடிமைப் பணிக்கான ஆய்வகங்களில் வெளியிடுவது கடமையாகவே கருதப்படுகிறது. ஆனால் அனுப்பும் முன் உள் மதிப்பாய்வும் அனுமதியும் தேவைப்படும். பாதுகாப்பு, அணுசக்தி சார்ந்த இடங்களில் ஒரு பகுதி வெளிவரவே வராது. உங்களுக்கு அது ஏற்புடையதா என்பதைச் சேரும் முன் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வேன். 2-ஆம் கேள்வியில் குறிப்பிட்ட சுகுபா நிறுவனத்தில் தகாஷி தனிகுச்சியும் கென்ஜி வட்டனபேயும் மிகப் பெரிய அழுத்தக் கருவியில் போரான் நைட்ரைடு படிகங்களை வளர்க்கிறார்கள். ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தாளான கிராஃபீனை ஆராயும் உலகக் குழுக்களில் மிகப் பல, அவர்கள் அனுப்பும் படிகங்களை நம்பியிருக்கின்றன. ஆகவே அவர்களுடைய பெயர்கள் எண்ணற்ற கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. ஒரு பொருளைப் பிறரால் இயலாத தூய்மையில் செய்யத் தெரிந்தவரை உலகமே தேடி வரும்.

10. சம்பளம் குறைவு என்கிறார்களே?

திறமையானவருக்குத் தனியார் துறை தரும் உச்ச ஊதியத்தைவிடக் குறைவுதான். நிலைத்தன்மை, ஓய்வுக்காலப் பயன்கள், சொந்தமாக வாங்கவே முடியாத கருவிகள் ஆகியவை மறுபக்கத்தில் இருக்கின்றன. பல நாடுகளில் தற்காலிக ஒப்பந்தப் பணிகள் பெருகியுள்ளதால், விளம்பரத்தில் இருப்பது நிரந்தரப் பணியா என்பதை எழுத்துவழி உறுதி செய்துகொள்ளுங்கள்.

11. திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால் என் பத்து ஆண்டு உழைப்பு வீண்தானே?

ஆட்சி மாறும், நிதி குறையும், திட்டங்கள் நிற்கும். இது நிச்சயம் நடக்கும் என்றே எண்ணிச் சேருங்கள். ஆனால் பொருள், அதைத் தோற்றுவித்த திட்டத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1970-களில், வேக ஈனுலைகளுக்காக (தாம் செலவிடுவதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் வகை அணு உலைகளுக்காக), ஒன்பது விழுக்காடு குரோமியமும் ஒரு விழுக்காடு மாலிப்டினமும் கொண்ட எஃகில் சிறிதளவு வனேடியமும் நியோபியமும் சேர்த்து மேம்படுத்தினார்கள். அவர்கள் மனத்தில் வைத்திருந்த கிளின்ச் ரிவர் ஈனுலைத் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. எஃகு கைவிடப்படவில்லை, உலகெங்கும் அனல் மின் நிலையங்களின் நீராவிக் குழாய்களில் அது இடம்பிடித்தது. பின்னர் கல்பாக்கத்தில் கட்டப்பட்ட வேக ஈனுலையின் நீராவி ஆக்கிகளுக்கும் அந்த வகை எஃகே தேர்ந்தெடுக்கப்பட்டது.

தனிப்பட்டவருக்கு நேரும் ஏமாற்றத்தை நான் மறுக்கவில்லை. திட்டம் நிற்கும் செய்தி வந்த வாரத்திலேயே, உங்கள் தரவுகள் அனைத்தையும் பிறர் படித்துப் புரிந்துகொள்ளும் அறிக்கையாக எழுதி முடித்துவிடுங்கள். ஓக் ரிட்ஜ் எஃகு பிழைத்ததற்கு, அதன் தரவுகள் முழுமையாக எழுதப்பட்டு ஏற்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

12. ராணுவத்துக்காக வேலை செய்ய எனக்கு மனமில்லை. இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?

உண்டு. தரநிலை, ஆற்றல், போக்குவரத்து, மருத்துவப் பொருள்கள், அரிப்புத் தடுப்பு ஆகியவற்றுக்கென்றே ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் 6-ஆம் கேள்வியில் சொன்ன நிட்டினாலையும் நினைவில் வையுங்கள்: ஏவுகணைக்காகத் தொடங்கியது மருத்துவத்துக்குப் பயன்பட்டது, இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உங்கள் பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதை முழுமையாக உங்களால் கட்டுப்படுத்த முடியாது. எந்த நிறுவனத்தில் சேருகிறோம் என்பதை மட்டுமே தேர்ந்துகொள்ள முடியும்.

13. என் சோதனை முடிவு மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

இதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பணியில் சேர்ந்த எட்டாம் ஆண்டில், பற்றவைத்த இணைப்புகளின் விரிசல் தாங்குதிறனைச் சோதித்தேன். பன்னிரண்டு மாதிரிகளில் இரண்டு மட்டும் மிகக் குறைந்த மதிப்பைக் காட்டின. அந்த இரண்டையும் சோதனைப் பிழை என்று கருதி அறிக்கையில் இருந்து நீக்கிவிடும்படி திட்டப் பொறுப்பாளர் சொன்னார். நான் வாதிடவில்லை. இரண்டு மாதிரிகளின் முறிந்த முகங்களையும் நுண்ணோக்கியில் படம் எடுத்தேன். இரண்டிலும் அரிசி மணியளவு பகுதியில் உலோகம் உருகி இணையவே இல்லை. படங்களோடு பன்னிரண்டு மதிப்புகளையும் எழுதி, நீக்க வேண்டும் என்றால் காரணத்தைக் கோப்பில் அவரே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் பதிவு செய்யவில்லை. அறிக்கை முழுமையாகவே சென்றது. அடுத்த பதவி உயர்வு எனக்கு ஓராண்டு தள்ளிப்போனது.

எதையும் விலக்குவதற்கு, சோதனைக்கு முன்பே எழுதப்பட்ட விதி இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. உலகம் ஏற்காத முடிவு கிடைத்தவருக்கும் இதே பதிவுப் பழக்கம்தான் துணை. 1982 ஏப்ரலில், 8-ஆம் கேள்வியில் சொன்ன தரநிலை அலுவலகத்துக்கு வருகை ஆய்வாளராகச் சென்றிருந்த டான் ஷெக்ட்மன், விரைவாகக் குளிர்வித்த அலுமினிய மாங்கனீசுக் கலவையில், படிகங்களுக்கு இருக்கவே முடியாது என்று கருதப்பட்ட பத்து மடிச் சமச்சீரை (ஒரு சுற்று சுழற்றும்போது பத்து முறை ஒரே தோற்றம் தரும் அமைப்பை) கண்டு, தம் குறிப்பேட்டில் மூன்று வினாக்குறிகளோடு எழுதிவைத்தார். கட்டுரை வெளிவர இரண்டரை ஆண்டுகள் ஆயின. நோபல் பரிசு 2011-இல் வந்தது.

14. கணினியே புதிய பொருள்களைக் கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே, இனி ஆய்வகத்தில் ஆள் தேவைப்படுமா?

கணக்கீடு இத்துறையை மிகவும் மாற்றியிருக்கிறது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 2011-இல் தொடங்கிய, கணக்கிடப்பட்ட பண்புகளின் பெருந்தரவுத்தளத்தை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். சேர விரும்புபவர்கள் நிரல் எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் கணினி முன்மொழியும் பொருளை உலையில் செய்து, அது உண்மையில் உருவாகிறதா, ஆண்டுக்கணக்கில் தாங்குகிறதா என்று பார்க்க ஆள் தேவை. கணினி கற்றுக்கொள்வதற்கான நம்பகமான தரவும் 2-ஆம் பதிலில் சொன்ன பொறுமையில் இருந்துதான் வருகிறது.

15. ஓய்வு பெறும்போது என் மாதிரிகளை என்ன செய்வது? யாருமே இதைப் பற்றிச் சொல்வதில்லை.

பணியில் இருக்கும் ஒருவர் கேட்டது இது. இளையவர்களும் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. பெயரில்லாத மாதிரி வெறும் இரும்புத் துண்டு. அடுத்து வருபவர் அதைக் கழிவில் போட்டுவிடுவார். ஒவ்வொன்றோடும் கலவை, உருக்கிய தேதி, வெப்பப் பதனிட்ட விவரம், எந்தப் பகுதியில் இருந்து எந்தத் திசையில் வெட்டப்பட்டது, எந்தக் குறிப்பேட்டின் எத்தனையாம் பக்கத்தில் அதன் விவரம் உள்ளது என்பவை இருக்க வேண்டும். எண்ணை உலோகத்திலேயே பொறித்துவிடுங்கள். ஒட்டிய தாள் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். துருப்பிடிக்கக்கூடியவற்றை எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். முறிந்த முகங்கள் உள்ளவற்றைத் தனித்தனியாக, ஒன்றோடொன்று உரசாதபடி வையுங்கள். விடைபெறும் மாதத்தில் பட்டியலின் ஒரு படியை நூலகத்திலும் இன்னொன்றை உங்கள் அலமாரியைப் பெற்றுக்கொள்பவரிடமும் கொடுத்து, அவரோடு ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டுங்கள்.